மனு எழுதிய திருவருகைக் காலம்

எங்கள் குமரிக் கடற்கரையில் திருவருகைக் காலம் தனியாக வந்ததே இல்லை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் 24ஆம் தேதி கொடியேறி டிசம்பர் 3ஆம் தேதி முடியும். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எந்த ஆண்டானாலும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில்தான் விழும். ஆக, ஆண்டவரின் வருகைக்காக மனத்தை ஒடுக்கிக் காத்திருக்க வேண்டிய காலம், ஊரே தேர் பார்க்கக் கிளம்புகிற நேரத்தில் வந்து சேரும். ஊர்க் கோயிலில் சாமியார் ஊதா உடையில் நின்று விழித்திருக்கச் சொல்லிப் பிரசங்கம் வைப்பார். அது முடிவதற்குள் பின்வரிசைப் பெண்கள் நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்க எழும்பியிருப்பார்கள். தேருக்குப் பின்னால் தரையில் விழுந்து கும்பிட்டபடி வருகிறவர்களில் இந்துக்களும் இருப்பார்கள். மூன்றாம் தேதி மாவட்டத்துக்கே விடுமுறை. சிறுவயதில் எனக்கு அந்த நாள் வளையலும் அல்வாவும்தான். காத்திருப்பதையெல்லாம் நான்காம் தேதிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சவேரியாருக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் செபம் சொல்லிக்கொடுத்தவர் அவர். 1544ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் திருவிதாங்கூர்க் கரையோரம் ஊர் ஊராக நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். எங்கள் முன்னோர் அந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள். அரசரின் அனுமதி, போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு எல்லாம் அதற்குள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. எங்கள் கரையில் கடவுள் ஆளைத் தனியாகத் தோளைத் தொட்டுக் கூப்பிட்டதாகக் கதை கிடையாது. ஊரைத்தான் கூப்பிட்டார். ஊர்தான் போனது.

அம்மா நவம்பர் மாதக் கடைசியிலேயே கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வளர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவாள். டிசம்பர் பத்து பன்னிரண்டு தேதி வாக்கில் பழைய அலுமினியத் தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, ஈரச் சாக்கால் மூடி அடுக்களை மூலையில் வைப்பாள். முந்தி விதைத்தால் கிறிஸ்துமஸுக்குள் மஞ்சளாகிச் சாயும், பிந்தினால் வெள்ளையாக முளைக்குச்சிதான் நிற்கும். கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் வேறொரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு ஒறுத்தல் செய்தால் ஒரு வைக்கோலை எடுத்துக் காலித் தொட்டிலில் போடலாம். மிட்டாய் தின்னாமல் இருந்தால் ஒன்று, தங்கச்சியை அடிக்காமல் இருந்தால் ஒன்று. இருபத்துநாலாம் தேதிக்குள் பாலன் படுக்கத் தோதாக மெத்தை ஆகிவிட வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒரே நாளில் ஒரு கைப்பிடி போட்டுவிட்டு, எல்லாம் செய்தேன் சிஸ்டர் என்று அசையாமல் நின்றாள். இன்றைக்கு அவள் பெரிய மீன் வியாபாரி.

இந்தக் காலத்தில்தான் தேவ அழைத்தல் முகாம் என்று வெளியூரிலிருந்து ஒரு சிஸ்டர் வருவார். யார் யாருக்குக் கடவுளின் குரல் கேட்கிறது என்று விசாரிப்பார். சாமுவேல் கதையை அவர் சொன்ன மாதிரி வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சின்னப் பையன், கோயிலுக்குள் படுத்திருக்கிறான், ராத்திரி, பேர் சொல்லி ஒரு குரல். நான் அன்றைக்கு ராத்திரி கண்ணை மூடாமல் பாயில் கிடந்தேன். கடல் இரைந்தது. அப்பா இருமினார். ரெண்டு ரெண்டரை மணிக்கு வாசலில் ஆள் வந்து, “ஏய், காத்து எடுத்தாச்சு, எழும்பு” என்றது. அது அப்பாவின் வள்ளத்துக் கூட்டாளி. தினமும் வருகிற குரல். முதலில் விழித்தவர் மற்ற வீடுகளின் முன்னால் நின்று சத்தம் கொடுக்க வேண்டும் என்பது வள்ளத்துக்காரர்களின் வழக்கம். ஒருவர் எழும்பாவிட்டால் வள்ளம் இறங்காது. அப்பா எழுந்து, சுவரில் சாத்தியிருந்த துடுப்பையும் சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை சிஸ்டர் என்று மறுநாள் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

மார்கழியில் உள்நாட்டுப் பக்கம் இந்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஒலிக்கும். வீடு வீடாக நின்று தோழியை எழுப்புகிற பாட்டுகள் அதில் இருக்கின்றன என்று கல்லூரியில் தமிழ் ஆசிரியை விளக்கியபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அப்பாவின் கூட்டாளிதான். எங்கள் பூசைப் புத்தகத்தில் டிசம்பர் 17-லிருந்து வாசகங்களின் போக்கே மாறும். அதுவரைக்கும் உலக முடிவு, மானிட மகன் மேகத்தில் வருவது என்று இருப்பது, அன்றையிலிருந்து பெத்லகேமை நோக்கித் திரும்பும். மார்கழி பிறப்பதும் அதை ஒட்டித்தான். ஒரே பனியில் இரண்டு கூட்டமும் எழும்புகிறது.

பிறகு நான் ஆசிரியை ஆனேன், முட்டத்துக்குப் பக்கத்து ஊரில் குடியிருந்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள். ஊர்க் கோயிலுக்குத் திருவருகை வளையம் வந்தது, நான்கு மெழுகுவர்த்தியோடு. எந்த வாரம் எந்த அன்பியம், அதாவது பங்கின் எந்தக் குடும்பக் குழு, மெழுகுவர்த்தி ஏற்றுவது என்பதில் சண்டையும் வந்தது. இந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

2017 நவம்பர் 29ஆம் தேதி ராத்திரி காற்று தொடங்கியது. புயலுக்கு ஒக்கி என்று பேர் வைத்ததெல்லாம் மறுநாள்தான் எங்களுக்குத் தெரியும். விடிந்து பார்த்தால் ரப்பர் தோட்டங்கள் படுத்துக் கிடக்கின்றன, வாழை இல்லை, தென்னை ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. கரண்ட் போனது போனதுதான், பல ஊர்களில் திரும்ப நாள் கணக்கானது. உள்நாட்டுக்காரர்கள் மரத்தைப் பார்த்துக் கலங்கினார்கள். கடற்கரையில் யாரும் மரத்தைப் பார்க்கவில்லை. மேற்குக் கடலில் நவம்பர், டிசம்பர் நல்ல தொழில் காலம். ஆழ்கடல் படகுகள் எல்லாம் வெளியே இருந்தன.

என் அக்காவைச் சின்னத்துறையில் கட்டிக்கொடுத்திருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக இருக்கிற அந்த ஊர்கள் சுறா பிடிப்பதில் பேர் போனவை. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் மறைமாவட்டக் கணக்கில் திருவனந்தபுரத்தோடு சேர்ந்தவை. பூசையில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். அங்குள்ளவர்கள் பெரும்பாலும் கொச்சியில் படகு ஏறி, வாரக்கணக்கில் தங்கி, தூண்டிலும் வலையும் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போய்விட்டால் கைபேசி எடுக்காது. படகுக்குப் படகு வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. அத்தான் கடலுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

குளச்சல், கருங்கல், புதுக்கடை என்று மரம் வெட்டி வழிவிட்ட இடங்களில் எல்லாம் நின்று நின்று அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வீட்டில் அக்கா இல்லை. தெருவில் எந்த வீட்டிலும் ஆள் இல்லை. எல்லாரும் கோயில் வளாகத்தில் இருந்தார்கள். ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இழுத்த ஒயரில் பலகை போட்டு, அதில் கொத்துக் கொத்தாகக் கைபேசிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு போனுக்கும் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒன்று அடித்தால் எல்லாரும் திரும்பினார்கள்.

டிசம்பர் 3, ஞாயிறு. அந்த ஆண்டு சவேரியார் திருநாளும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறும் ஒரே நாளில் வந்தன. முதல் வாசகம் எசாயா, வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கிவரக் கூடாதா என்று இறைவனிடம் முறையிடுகிற பகுதி. நற்செய்தி மாற்கு 13. வீட்டுக்காரர் எப்போது திரும்புவார் என்று தெரியாது, மாலையிலா, நள்ளிரவிலா, கோழி கூவும்போதா, விடியலிலா, ஆகவே தூங்காதிருங்கள் என்று இயேசு சொல்லும் இடம். இந்த வாசகங்களை யாரும் அந்தப் புயலுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை, மூன்றாண்டுச் சுற்றில் அந்த ஞாயிறுக்கு விழுந்தவை அவை. மைக் இல்லை. வாசித்த பையனின் குரல் முன் நாலு வரிசைக்குத்தான் கேட்டது. வீட்டுக்காரர் திரும்பும் நேரம் தெரியாது என்ற இடம் வந்தபோது எங்கிருந்தோ ஒரு கேவல், அப்புறம் கோயில் முழுக்க. சாமியார் பிரசங்கம் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார், விசுவாசப் பிரமாணத்துக்குப் போய்விட்டார். நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் சிறந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அக்காவின் பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்தாள். “டீச்சரே, எழுத ஆள் வேணும்.”

வளாகத்தில் நாலைந்து பெஞ்சு போட்டுப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்தின் எண்ணிக்கை ஒன்றாகவும் ஊரின் எண்ணிக்கை வேறாகவும் இருந்தது. ஊரின் கணக்கைத் தாளில் காட்டினால்தான் தேடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பேர், தகப்பன் பேர், வயது, படகின் பேர், பதிவு எண், படகில் எத்தனை பேர், எந்தத் துறையிலிருந்து கிளம்பியது, என்று கிளம்பியது, கடைசியாகப் பேசியது எப்போது. நான் உட்கார்ந்தேன். இருபது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை. பேரைச் சொல்லச் சொல்லக் கோடு போட்டு எழுதுவது எனக்கு ஒரு வேலையே இல்லை.

எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் படிவத்தில் இருந்த கேள்விகளுக்கும் அவர்களிடம் இருந்த பதில்களுக்கும் பொருத்தமே இல்லை என்று. படகின் எண் தெரியாது, ஆனால் படகுக்கு அடித்த பெயிண்ட் நிறம் தெரியும். ஒரு தாய்க்கு மகனின் வயது தெரியவில்லை. பெரிய வெள்ளம் வந்த வருஷம் பிறந்தவன் என்றாள், எந்த வெள்ளம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்தி, கிளம்பின அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையின் பொத்தானைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் விட்டுப்போய்க் கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள், சட்டை வெள்ளை. “எழுதுங்க டீச்சரே, அத வச்சுக் கண்டுபிடிக்கலாம்.” அதற்குப் படிவத்தில் இடமில்லை. தாளின் ஓரத்தில் எழுதினேன். இன்னொரு வயதானவர், காணாமல்போனவர் என்று எழுதாதே, கரைக்கு வரவில்லை என்று எழுது என்று பிடிவாதம் பிடித்தார். அப்படியே எழுதினேன். சில படகுகளில் அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களின் முழுப்பேர் யாருக்கும் தெரியாது. அவர்களுக்காக எந்த ஊரில் யார் உட்கார்ந்து அழுகிறார்களோ, இங்கே வந்து சொல்ல ஆள் இல்லை. அந்த வரிசைகள் பாதிக் காலியாகவே மேலே போயின.

ராத்திரி அக்கா வீட்டுத் திண்ணையில் படுத்தேன். இரண்டு மணி இருக்கும், “டீச்சரே, டீச்சரே” என்று ஒரு குரல். இன்னொரு படகின் பேர் தெரிந்திருக்கிறது, உடனே சேர்க்க வேண்டும். எழுந்து போனேன். மறுநாள் ராத்திரியும் வந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் ஊருக்குத் திரும்பினேன், வார இறுதியில் மறுபடி போனேன். அவர்கள் கேட்டார்கள், போனேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கடவுள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அந்த நாட்களில் நான் உருப்படியாகச் செபம் சொல்லவும் இல்லை. பேனா மை தீர்ந்துவிடக் கூடாதே என்ற ஒரே கவலைதான்.

டிசம்பர் 7ஆம் தேதி சின்னத்துறையிலிருந்து ஊர் ஊராகச் சனம் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தே போனது. தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பகல் போய் இருட்டியும் எழும்பவில்லை. குருக்களும் கூட உட்கார்ந்தார்கள். கடலில் இருப்பவர்களைத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. மறுநாள் அமலோற்பவ அன்னைத் திருநாள். வழக்கமாகச் சப்பரம் தூக்கிச் சுற்றிவருவோம். அந்த ஆண்டு எங்கள் கரையின் பவனி என்று எழுதிவைக்க வேண்டுமானால் குழித்துறைக்குப் போன பவனியைத்தான் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் பன்னிரண்டாம் தேதி முதலமைச்சரும் பத்தொன்பதாம் தேதி பிரதமரும் வந்தார்கள்.

இதற்குள் அத்தானின் செய்தி வந்துவிட்டது. படகுகள் பல காற்று தள்ளிய திக்கிலேயே போய் லட்சத்தீவிலும் மகாராட்டிரத்திலும் குஜராத்திலும் ஒதுங்கியிருந்தன. மகாராட்டிரத்தின் தேவ்கட் துறையில் மட்டும் 68 படகுகளும் 952 பேரும் கரை சேர்ந்ததாகச் செய்தி. அத்தான் அவர்களில் ஒருவர். யாரோ ஒரு மலையாளியின் போனிலிருந்து பேசினார். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டு முடித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையைக் காட்டிலும் சத்தத்தை அடக்கத்தான் பாடுபட்டாள். வலது பக்கத்து வீட்டில் இரண்டு பேர் வரவில்லை. எதிர்வீட்டில் ஒருவர்.

அத்தான் ஊர் வந்து சேர்ந்த அன்றைக்கு உறவுக்காரர் ஒருவர் நன்றிப் பூசை வைக்க வேண்டும், கோயிலில் சாட்சி சொல்ல வேண்டும், கடவுள் நம்மைக் கைவிடவில்லை என்று ஊருக்கே தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா வாசலிலேயே அவரை நிறுத்தினாள். “மாமா, மெல்லப் பேசுங்க. அடுத்த வீட்டுல கேக்கும்.” எங்கள் வீட்டிலிருந்து எந்த நன்றிப் பூசையும் இன்றுவரை நடக்கவில்லை. அக்கா விசுவாசம் குறைந்தவள் இல்லை, நாள் தவறாமல் செபமாலை சொல்கிறவள். தன் வீட்டுக்கு வந்த கடவுளை அடுத்த வீட்டுக்கு வராத கடவுளாக ஆக்கிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு இருந்த கவனம், நான் படித்த எந்த ஆன்மிக நூலிலும் இல்லை. புயலைக் கடவுள் அனுப்பினார் என்றும், அவர் திட்டம் நமக்குப் புரியாது என்றும் தொலைக்காட்சியில் யாராவது பேசினால் அவள் எழுந்துபோய் அணைத்துவிடுவாள். நானும் அவள் கட்சி.

இரண்டாம் ஞாயிறு வாசகம் என் மக்களைத் தேற்றுங்கள் என்ற பொருளில் வருகிற எசாயா. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. குருவின் உடை ஊதாவிலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறலாம், எப்போதும் மகிழ்ந்திருக்கும்படி பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதை வாசிப்பார்கள். அன்று அக்கா ஊரில் சாமியார் ஊதாவிலேயே வந்தார். அந்த வாசகத்தை வாசிக்க வேண்டிய பெண் மேடைக்குப் போகவில்லை, அடுத்தவளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வளையத்தின் மூன்றாவது மெழுகுவர்த்தியை மட்டும் பிள்ளைகள் ஏற்றிவிட்டார்கள்.

ஆல்ஃபிரட் டெல்ப் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குருவைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். நாஜிகள் அவரைப் பெர்லினில் தேகல் சிறையில் வைத்திருந்தார்கள். 1944 டிசம்பரில், கையில் விலங்கோடு, திருவருகைக் காலச் சிந்தனைகளை எழுதினார். துவைக்கப் போகும் துணிக்குள் ஒளித்துத் தாள்களை வெளியே அனுப்பினார்கள். சபையில் இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கும் பேறு அவருக்கு அந்தச் சிறைக்குள்தான் கிடைத்தது, டிசம்பர் 8 அன்று. 1945 பிப்ரவரி 2-ல் தூக்கிலிட்டுவிட்டார்கள். திருவருகைக் காலம் மனிதரை உலுக்கி எழுப்பும் காலம் என்பது அவர் எண்ணம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மனம் குளிர்வதைப் பற்றி எழுதுகிறவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. விலங்குபோட்ட கையால் எழுதியதைத்தான் அக்கா ஊரில் வாசித்துக்காட்ட முடியும் என்று தோன்றுகிறது.

நான்காம் ஞாயிறு டிசம்பர் 24-லேயே வந்துவிட்டது. காலையில் கபிரியேல் மரியாவிடம் வந்த நற்செய்தி, ராத்திரியே பாலன் பிறப்பு. அந்த நற்செய்தியைத்தான் எங்கள் கோயில் மணி நாளைக்கு மூன்று வேளை சொல்கிறது. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு மணிக்குத் திரிகாலச் செபத்துக்கு அடிக்கிற மணி அதற்காகத்தான். புயலுக்குப் பிறகு ஒலிபெருக்கி ஓய்ந்திருந்த நாட்களில் கோயில்பிள்ளை கயிற்றை இழுத்து அடித்த வெறும் மணி மட்டும் கேட்டது. அந்த ஆண்டு நட்சத்திர விளக்கு இல்லை, வெடி இல்லை, கேரல் பாடிக்கொண்டு யாரும் வரவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டாலும் எங்கள் வீட்டில் கேழ்வரகு விதைத்திருந்தாள். புல் நன்றாக வந்திருந்தது. அதைக் குடிலில் வைக்கலாமா என்று அம்மா என்னைக் கேட்டாள். வைத்தோம்.

ஜனவரி 14, பொங்கல் அன்று ஞாயிறு. முதல் வாசகம் சாமுவேல். முகாம் சிஸ்டர் சொன்ன அதே கதை. அத்தனை வருடம் கேட்டிருந்தும் அன்றைக்குத்தான் ஒரு விஷயம் காதில் விழுந்தது. பையனுக்கு அது கடவுளின் குரல் என்று தெரியவே இல்லை. கிழவர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து எழுந்து ஓடுகிறான். மூன்று தடவை. கூப்பிட்டீர்களா என்று கேட்கிறான். அப்படியானால் அந்தக் குரல் வானத்து இடிமாதிரி இருந்திருக்க முடியாது. பக்கத்து அறையில் படுத்திருக்கிற, கண் மங்கிய, எழுந்து தண்ணீர் எடுக்க ஆள் தேவைப்படுகிற ஒரு வயதானவரின் குரல் மாதிரியே இருந்திருக்கிறது. ஓடிப்போய் நின்றதால்தான் கடைசியில் யார் என்று தெரிந்தது. படுத்தே கிடந்து இது கடவுளா ஏலியா என்று ஆராய்ந்திருந்தால் சாமுவேல் புத்தகம் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

சின்னத்துறைத் திண்ணையில் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்ட “டீச்சரே” கடவுளின் குரலா என்று என்னிடம் கேட்டால் நான் ஆணையிட்டுச் சொல்ல மாட்டேன். கடவுள் என்னோடு பேசினார் என்று சொல்கிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளி உட்காருகிற ஆள் நான். ஆனால் அப்பாவை எழுப்பிய குரலும் அதுவும் ஒரே தினுசு. ஒருவர் எழும்பாவிட்டால் வள்ளம் இறங்காது.

சட்டப்படி ஒருவர் காணாமல்போய் ஏழு ஆண்டு கழிந்த பிறகுதான் இறந்தவராகக் கருதப்படுவார். ஒக்கியில் போனவர்களுக்கு அரசு அந்த விதியைத் தளர்த்தி, 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அதற்கும் தாள்கள் வேண்டியிருந்தன. வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, மீனவர் நல வாரிய அட்டை. பேரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பினார்கள். அந்தோணி ஒரு தாளில், அந்தோனி இன்னொரு தாளில். மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். பணத்தை வாங்க மாட்டேன் என்று முதலில் சொன்ன பெண்கள் இருந்தார்கள். வாங்கினால் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வந்தபோது வாங்கினார்கள். அதில் ஒருத்தி, கையெழுத்துப் போட்ட பிறகு, “இப்பவும் நான் வாசலைத் தாழ்ப்பாள் போடறதில்ல டீச்சரே” என்றாள். 2024 நவம்பரில் அந்த ஏழு ஆண்டும் முடிந்துவிட்டது. அவளைக் கடைசியாகப் பார்த்தபோதும் வாசல் அப்படியேதான் இருந்தது, நாய் வராமல் ஒரு பலகையை மட்டும் குறுக்கே வைத்திருந்தாள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மனு எழுதுவது ஓயவில்லை. மீன்பிடித் தடைக்கால உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம், வீட்டுப் பட்டா, ஆதாரில் பேர் திருத்தம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. திருவருகைக் காலத்தில் கொஞ்சம் அதிகமாகவே வருகிறார்கள், கிறிஸ்துமஸுக்குள் பணம் வந்துவிடாதா என்ற ஆசையில். வருகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். மனு எழுதக் காசு வேண்டாம். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் அசலோடு இரண்டு நகலும் எடுத்துவரவும்.